பத்திரமாப் போயிட்டு வா

போன செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் அக்கா மகள் அடையாறிலிருந்து மந்தைவெளிக்கு வந்தாள். நான் அப்போதுதான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்திருந்தேன். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் இரண்டு தாள்களை மேடைமேல் வைத்தாள். "சித்தி, இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடு. மத்ததெல்லாம் நானே நிரப்பிட்டேன்" என்றாள்.

நகரத்து பைக் குழு ஒன்றின் படிவம் அது. டிசம்பரில் ஜோத்பூரில் கிளம்பி, ஜெய்சால்மர் வழியாகத் தார் பாலைவனத்துக்குள் 9 நாள் பயணம். பெயர், வயது, ரத்த வகை, ஓட்டுநர் உரிம எண், இன்ஷூரன்ஸ் முடியும் தேதி, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண். எல்லாம் நியாயமான கேள்விகள். இரண்டாம் தாளின் அடியில், கட்டம் கட்டி ஒரு வரி: "பெண் உறுப்பினர்கள் மட்டும் – தந்தை / கணவர் சம்மதக் கையொப்பம்."

அவளுக்கு வயது 24. தரமணியில் வேலை. வீட்டு வாடகை, பைக்கின் மாதத் தவணை, அதன் இன்ஷூரன்ஸ் எல்லாம் அவள் சம்பளத்தில் போகின்றன. அவள் அப்பா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "கார்டியன்னு எழுதி நீ போட்டா ஒத்துக்கறாங்களாம். கேட்டுட்டேன் சித்தி."

நான் பேனாவை எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று அன்றைக்கு அவளுக்குச் சரியாக விளக்கவும் முடியவில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன். அவளுக்கும், இதே போன்ற ஏதோவொரு தாளோடு ஏதோவொரு சித்தியிடம் போய் நிற்கும் மற்றவர்களுக்கும்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். மோட்டார் வாகனச் சட்டத்தின்படி 16 வயதில், கியர் இல்லாத 50 சிசி வண்டிக்கு உரிமம் வாங்கலாம். 18 வயது ஆகாதவர் அப்படி உரிமம் கேட்கும்போது, அவரைப் பராமரிப்பவரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். 18 முடிந்தால் யார் சம்மதமும் வேண்டாம், ஆணுக்கும் வேண்டாம், பெண்ணுக்கும் வேண்டாம். ஆக அரசாங்கம் 16, 17 வயதுப் பிள்ளைகளிடம் கேட்கிற ஒன்றை இந்தக் குழு 24 வயதுப் பெண்ணிடம் கேட்கிறது. அதே குழுவில் சேரும் 19 வயதுப் பையனிடம் கேட்கவில்லை.

குழுவை நடத்துகிறவர்களிடம் கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் வரும்: பாதுகாப்பு. கெட்ட எண்ணத்தோடு சொல்ல மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். என் அம்மாவும் அதே வார்த்தையைத்தான் சொன்னாள். கச்சேரி ரோடு வரை வெங்காயம் வாங்கப் போனாலும் "பத்திரமாப் போயிட்டு வா" என்பாள். இருபது வருஷம் அதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, பத்திரமாகப் போவது எப்படி என்று மட்டும் வீட்டில் ஒருவரும் சொல்லித் தரவில்லை.

நான் கற்றதைச் சொல்கிறேன். 19 வயதில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குப் போனேன். விண்ணப்பத்தை நிரப்பிய ஆள் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "கியர் இல்லாதது" என்ற இடத்தில் டிக் அடித்தார். கேட்கவே இல்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. பல வருஷம் கழித்து ஒரு நண்பரின் புல்லட்டை ஈ.சி.ஆரில் ஓட்டிக்கொண்டு போனபோது போலீஸ்காரர் ஒருவர் நிறுத்திக் காட்டிய பிறகுதான் தெரிந்தது, என்னிடம் இருப்பது அந்த வண்டிக்கான உரிமமே இல்லையென்று. அன்றைக்கு ஏதாவது ஆகியிருந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் கையை விரித்திருக்கும். தோழி, உன் உரிமத்தை இப்போதே எடுத்துப் பார். கியர் உள்ள வண்டிக்கும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கிறாயா? இல்லையென்றால் இந்தக் கட்டுரையில் உனக்கு உடனே பயன்படக்கூடிய வரி இதுதான்.

அந்த டிக்குக்கு ஒரு பரம்பரை உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காருபவருக்குப் பிடிமானம் வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும், உடை சக்கரத்தில் சிக்காமலிருக்கப் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும் என்கிறது. நாம் சேலை கார்டு என்று சொல்வது அதைத்தான். அது தேவையான விதி. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் இந்த நாட்டு மோட்டார் சைக்கிளில் பெண்ணுக்கென்று யோசித்து வைத்த ஒரே இரும்பு, அவள் பின்னால் ஒருக்களித்து உட்காருவாள் என்று நினைத்து வைத்த இரும்பு. டெல்லியில் 2014 வரை பெண்களுக்கு ஹெல்மெட் கட்டாயமே இல்லை. தமிழ்நாட்டில் ஓட்டுபவர், பின்னால் இருப்பவர் இருவரும் 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் அணிந்தே ஆக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. கோயில் வாசலில் நின்று பாருங்கள், இன்றும் ஓட்டுகிற கணவர் தலையில் ஹெல்மெட் இருக்கும், பின்னால் இருக்கிற மனைவி தலையில் மல்லிகைப்பூ இருக்கும். "பத்திரம்" என்ற சொல் யார் மண்டையோட்டைப் பற்றியது என்று அந்தக் காட்சி சொல்லிவிடும்.

2018 பிப்ரவரியில், வேலைக்குப் போகும் பெண்களுக்கு இருசக்கர வாகனம் வாங்க 50 விழுக்காடு, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் தரும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. எத்தனையோ பெண்களுக்குப் பேருந்து நிறுத்தத்தில் காத்து நிற்கும் நேரம் மிச்சமானது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதிலும் கியர் இல்லாத வண்டி, 125 சிசிக்குள் என்று எல்லை போட்டிருந்தார்கள். வேலைக்குப் போ, காய்கறி வாங்கு, பிள்ளையைப் பள்ளியில் விடு, வீட்டுக்கு வா. அதற்கு அப்பால் போகும் வண்டி பெண்ணுக்கு எதற்கு என்பது யாரும் எழுதாமலே எல்லோருக்கும் விளங்கிய வாசகம்.

இதற்கு மாறான ஒன்றும் இதே தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், செவிலியர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காததால் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். நடுவில் இருக்கிற கம்பியில் குழந்தையை உட்கார வைக்க வசதி என்று சொன்னவர்களும் உண்டு. அங்கே அவர்களிடம் யாரும் சம்மதக் கடிதம் கேட்கவில்லை. சைக்கிளைக் கையில் கொடுத்து, விழு, எழுந்து ஓட்டு என்றார்கள். நான் பாதுகாப்பு என்று நினைப்பது அதைத்தான்.

இனி நான் விழுந்த கதை.

முப்பதுகளின் நடுவில் என் சேமிப்பில் ஒரு பெரிய வண்டி வாங்கினேன். கிட்டத்தட்ட 200 கிலோ. வார இறுதிகளில் ஒரு குழுவோடு போவேன். அந்தக் குழுவில் பெண்களை எப்போதும் வரிசையின் நடுவில் ஓட்டச் சொல்வார்கள். முன்னால் ஒரு ஆண் வழி பார்ப்பார், பின்னால் ஒரு ஆண் காவல் வருவார். என் வண்டி எங்காவது சாய்ந்தால் நான் இறங்குவதற்குள் நான்கு பேர் ஓடிவந்து தூக்கி நிறுத்திவிடுவார்கள். பஞ்சர் என்றால் "நீங்க நிழல்ல உக்காருங்க மேடம்." நானும் உட்கார்ந்தேன். சுகமாகத்தான் இருந்தது. மூன்று வருஷத்தில் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருந்தேன். ஒரு சக்கரத்தைக்கூடக் கழற்றியதில்லை, விழுந்த வண்டியை ஒருமுறைகூடத் தனியாகத் தூக்கியதில்லை.

அந்த நடு வரிசை சலித்துப்போய், ஒரு பிப்ரவரியில் வீம்பாகத் தனியாகக் கிளம்பினேன். வண்டியை ரயிலில் அனுப்பிவிட்டு நான் பின்னால் போனேன். ஜெய்சால்மரிலிருந்து குரி என்ற ஊருக்குப் போகும் தார்ச்சாலையில் ஒரு மணற்பாதை பிரிந்தது. கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம் என்று திருப்பினேன். எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மாவுக்குப் போய்விடும் என்ற பயம். கேட்டு அனுமதி வாங்க வேண்டியிருக்கிற வீட்டுப் பெண்கள் முதலில் கற்கும் தந்திரம், சொல்லாமல் போவது. பாலைவனத்தில் ஆளைக் கொல்லும் முதல் தவறும் அதுதான்.

மணலில் முன்சக்கரம் அலைந்தது. பயந்து ஆக்ஸிலேட்டரை விட்டேன், முன்பிரேக்கைப் பிடித்தேன். இரண்டும் மணலில் செய்யக் கூடாதவை. வண்டி இடப்பக்கம் விழுந்து என் கணுக்காலை அமுக்கியது. சைலன்சர் அந்தப் பக்கம் இல்லாததால் சுடவில்லை. அது தற்செயல். கையாலேயே மணலைத் தோண்டிக் காலை எடுக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. போனில் சிக்னல் இல்லை. பிறகு வண்டியைத் தூக்கப் பார்த்தேன். குனிந்து, இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்து, முதுகை வளைத்து. முடியவில்லை. மறுபடி, மறுபடி. இருந்த தண்ணீர் ஒரு லிட்டருக்கும் குறைவு.

ஏன் அவ்வளவு குறைவு? கடை இல்லாமல் இல்லை. அன்று காலை வேண்டுமென்றே குறைவாக வாங்கினேன், குறைவாகக் குடித்தேன். குடித்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும். அந்தப் பழக்கத்தைப் பாலைவனம் எனக்குக் கற்றுத்தரவில்லை. தி. நகர் கற்றுத்தந்தது. கல்லூரி விடுமுறையில் உஸ்மான் சாலையில் ஒரு துணிக்கடையில் இரண்டு மாதம் வேலை பார்த்தேன். காலையிலிருந்து இரவு வரை நின்றபடி, கழிவறைக்குப் போக மேற்பார்வையாளரிடம் கேட்டு. அங்கிருந்த அக்காமார் எல்லோரும் தண்ணீரைக் குறைத்துக் குடித்தார்கள், நீர்க்கடுப்போடு நின்றார்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்க்கத் தமிழ்நாட்டில் 2021 வரை ஆனது. பெண்ணுடலை இந்த நகரம் தாகத்துக்குப் பழக்கி வைத்திருக்கிறது. அந்த உடம்போடுதான் நாம் வெயிலுக்குள் போகிறோம். தாகத்தை அடக்குவது உறுதி என்று நினைக்காதே. வறண்ட காட்டில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு இழந்தாய் என்பதே தெரியாது. தலைவலி, குமட்டல், பேச்சுக் குழறல் என்று வரிசையாக வரும். குழறத் தொடங்கிய பின் சரியான முடிவெடுக்கும் புத்தி இருக்காது.

வெயில் உச்சிக்கு வந்தபோது, ஆடு ஓட்டிக்கொண்டு இரண்டு பையன்கள் வந்தார்கள். பதினைந்து, பதினாறு வயதிருக்கும். அவர்களைக் கண்டதும் எனக்கு வந்தது நிம்மதி அல்ல. பயம். எனக்குத் தெரிந்த இந்தியில் முதலில் சொன்னது, "என் கணவர் பின்னால் வந்துகொண்டிருக்கிறார்." எனக்குக் கணவர் இல்லை. அவர்கள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, வண்டியை ஒரு நிமிஷத்தில் நிமிர்த்தினார்கள். கயிற்றில் தொங்கிய குடுவையிலிருந்து தண்ணீர் தந்தார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகும்வரை நின்றார்கள். கடைசிவரை அந்தக் கணவரைப் பற்றிக் கேட்கவில்லை.

இதைச் சொல்லிவிட்டு "பார்த்தாயா, உலகம் நல்லது" என்று முடிக்க நான் தயாரில்லை. உலகம் எப்போதும் நல்லதாக இருப்பதில்லை. 2024 மார்ச் 1 இரவு, ஜார்க்கண்டின் தும்கா மாவட்டத்தில், மோட்டார் சைக்கிளில் உலகம் சுற்றிக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டுப் பெண் கூடாரத்தில் தங்கியிருந்தபோது கூட்டாக வன்புணர்வு செய்யப்பட்டார். அந்தச் செய்தி வந்த வாரம் என் வாட்ஸ்அப்புக்கு உறவினர்கள் ஏழு பேர் அதை அனுப்பினார்கள். "இதுக்குத்தான் சொல்றோம்" என்று எழுதினார் ஒருவர். எதற்கு? துணையில்லாமல் போகாதே என்பதற்கு. ஆனால் அந்தப் பெண்ணோடு அவர் கணவர் இருந்தார். அவரையும் அடித்தார்கள். தந்தை / கணவர் சம்மதம் மட்டுமல்ல, கணவரே கூட இருந்தார். பெண்ணுக்குக் கட்டளை போடவே பயன்படும் ஒரு செய்தியை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. அந்த இணையர் சில நாட்களில் காவல்துறையில் வாக்குமூலம் கொடுத்து முடித்து, நேபாளம் நோக்கித் தங்கள் பயணத்தைத் தொடர்ந்தார்கள் என்பதையும் அந்த ஏழு பேரில் ஒருவரும் அனுப்பவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில் வருஷம் தவறாமல் இருக்கும் இரண்டு விஷயங்கள்: வன்புணர்வு வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர், பெண்களுக்கு எதிரான குற்றங்களில் மிக அதிகமாகப் பதிவாவது கணவரும் அவர் உறவினரும் செய்யும் கொடுமை. இந்த எண்களை வைத்துக்கொண்டு ஒரு படிவம் தயாரித்தால், கல்யாணப் பதிவேட்டில்தான் பெண்ணைக் காக்கும் சம்மதக் கட்டம் போட வேண்டும். 2019 செப்டம்பரில் 23 வயது மென்பொருள் பொறியாளர் ஒருவர் தன் ஸ்கூட்டரில் பள்ளிக்கரணை அருகே போனபோது, சட்டவிரோதமாக வைத்த பேனர் மேலே விழுந்து சாய, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி இறந்தார். கியர் இல்லாத வண்டி, பட்டப்பகல், வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழி. நல்ல பெண்ணுக்கு இந்தச் சமூகம் வகுத்த எல்லா நிபந்தனையும் அங்கே நிறைவேறியிருந்தது.

ஆகவே ஆபத்தை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறேன். மணல், வெயில், தனிமை, இயந்திரம் தரும் ஆபத்து ஒன்று. அதற்குப் பயிற்சி வேண்டும். பிறர் செய்யும் வன்முறை இன்னொன்று. அதற்கு வன்முறை செய்பவர் பொறுப்பாக வேண்டும், காவல் நிலையம் புகாரை எழுத வேண்டும், நீதிமன்றம் வேகமாக நடக்க வேண்டும். அப்பாவின் கையெழுத்து இந்த இரண்டில் எதையும் தடுக்காது. அது செய்யும் ஒரே வேலை, ஏதாவது நடந்தால் பழியை எங்கே இறக்கி வைப்பது என்று முன்கூட்டியே தீர்மானிப்பது.

ஆண்கள் விழுந்தால் அது அனுபவம். பெங்களூருவைச் சேர்ந்த ஐஸ்வர்யா பிஸ்ஸே 2018இல் ஸ்பெயினின் பாஹா அரகோன் பந்தயத்தில் விழுந்து கணையத்தில் கடுமையாக அடிபட்டார். மறுவருஷம் அதே பாஹா பந்தயங்களில் பெண்கள் பிரிவின் உலகக் கோப்பையை வென்றார். அந்தப் பந்தய வகைக்குப் பெயர் கொடுத்தது மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா பாலைவனம். அங்கே 1975இல் பாஹா 500 பந்தயத்தை மாற்று ஓட்டுநர் இல்லாமல் தனி ஆளாக முதன்முதலில் ஓட்டி முடித்தவர் மேரி மெக்கீ என்ற பெண். ஆண்களில் யாரும் அதுவரை அதைச் செய்திருக்கவில்லை. விழுந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதைக் கற்றிருந்ததால்தான் இந்தப் பெண்களால் மறுபடி ஏறி உட்கார முடிந்தது.

இங்கே எதிர்ப்பக்கத்தையும் கொஞ்சம் கண்டிக்க வேண்டும். மார்ச் 8 வந்தால் பிங்க் நிற டி-ஷர்ட் கொடுத்து, பெசன்ட் நகரிலிருந்து ஒரு மணி நேரம் ஊர்வலம் விட்டு, "பயமறியாப் பெண்கள்" என்று போட்டோ எடுக்கிறார்களே, அவர்களையும்தான். பயமறியாமல் இருப்பதில் பெருமை ஏதும் இல்லை. நானும் அந்த வசனத்தை நம்பித்தான் ஒரு லிட்டர் தண்ணீரோடு மணலுக்குள் போனேன். வீட்டாரின் வேலி எனக்கு அறிவைத் தரவில்லை. வீர வசனமும் தரவில்லை.

இந்த நாட்டில் யார் வண்டியில் ஏறலாம் என்பது பெண்ணைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல என்பதையும் மறக்கக் கூடாது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டியதற்காக ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள் என்று அவர் குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். மயிலாப்பூர் தெருக்களில் நான் பெரிய வண்டி ஓட்டினால் முறைப்பு கிடைக்கும், கிண்டல் கிடைக்கும். அரிவாள் வராது. என் சாதி எனக்குக் கொடுத்திருக்கும் கவசம் அது, எந்தக் கடையிலும் வாங்க முடியாதது. பெண்ணின் பயணத்தைப் பற்றி வீட்டார் பதறும்போதும், எங்கே போகிறாள் என்பதைவிட யாரோடு போகிறாள் என்றே அதிகம் கேட்கிறார்கள். அந்தச் சம்மதக் கட்டத்துக்குள் சாதியும் உட்கார்ந்திருக்கிறது.

சரி, அந்தப் படிவம் என்ன கேட்டிருக்க வேண்டும்? ஆண், பெண் இருவரிடமும் இவற்றைக் கேட்டிருக்க வேண்டும்.

விழுந்த வண்டியைத் தனியாகத் தூக்கத் தெரியுமா? எஞ்சினை நிறுத்து. கியரில் போடு, உருளாது. வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை வெளியே தள்ளு, நிமிரும்போது மறுபக்கம் சாயாது. ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பு. வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சீட்டின் விளிம்பில் இடுப்பை வை. ஒரு கை ஹேண்டில்பாரில், மறுகை பின்கம்பியில். முதுகை நேராக வைத்து, காலால் பின்னோக்கிச் சின்னச் சின்ன அடி வை. முதுகால் தூக்காதே, தொடையால் தள்ளு. 200 கிலோ எழும். நான் எழுப்பிப் பார்த்திருக்கிறேன்.

மணலில் ஓட்டிப் பழகியிருக்கிறாயா? டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கு, தார்ச்சாலைக்கு வந்ததும் ஏற்றக் கைப்பம்பு வைத்திரு. எழுந்து நின்று ஓட்டு, எடையைப் பின்னால் தள்ளு, தூரத்தைப் பார். ஹேண்டில்பாரை இறுக்காதே. வேகத்தைச் சட்டென்று விடாதே.

பஞ்சர் ஒட்டுவாயா? மாற்று டியூப், கிளட்ச் லீவர், கேபிள் கொண்டுவருகிறாயா? இவை அண்ணாசாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைக்கும். அங்கே கடைக்காரர் உன் பின்னால் யார் வருகிறார் என்று எட்டிப் பார்ப்பார். பார்க்கட்டும். உன் அளவுக்குச் சரியான பூட்ஸும் ஜாக்கெட்டும் கிடைப்பது அரிது. தொளதொளவென்று இருக்கும் ஜாக்கெட்டில் முழங்கைக் கவசம் விழும்போது நகர்ந்துவிடும். ஆகவே அளவு கிடைக்கும் வரை தேடு.

யார் உனக்காகக் காத்திருக்கிறார்கள்? வெளிநாட்டுப் பாலைவனங்களில் தனியாக ஓட்டுகிறவர்கள் சாட்டிலைட் வழியே செய்தி அனுப்பும் சிறு கருவி ஒன்றை இடுப்பில் வைத்திருப்பார்கள். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். அதோடு வந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். ஆகவே நமக்கு மிஞ்சுவது பழைய வழி. போகும் பாதையைத் தாளில் எழுதி, சென்னையில் ஒருவரிடமும் அன்றிரவு தங்குமிடத்தில் ஒருவரிடமும் கொடு. "மாலை 5 மணிக்குள் என் அழைப்பு வரவில்லையென்றால் 6 மணிக்கு 112க்குப் போன் செய்" என்று நேரத்தோடு சொல். லடாக் போகிறாயென்றால் இங்கே வாங்கிய பிரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். இதற்கும் சம்மதம் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. அனுமதி தருகிறவரிடம் நீ பயணத்தை ஒளிக்க வேண்டியிருக்கும். காத்திருப்பவரிடம் எதையும் ஒளிக்க வேண்டியதில்லை.

தண்ணீர், ஆளுக்கு நாளுக்கு 5 லிட்டருக்குக் குறையாமல். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள். ஒதுங்குவதற்காக நிறுத்துவதும் பயணத் திட்டத்தின் பகுதி என்று குழு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், பெண்கள் கூச்சத்தோடு கையைத் தூக்கிக் கேட்கும் நிலை இருக்கக் கூடாது. மாதவிடாய் நாள் என்றால் அதற்குரிய பொருள், கை கழுவத் தனித் தண்ணீர். இருட்டுவதற்குள் தங்குமிடம். பெண் என்பதற்காகச் சொல்லவில்லை. இருட்டில் ஒட்டகமும் மாடும் சாலையில் நிற்கும், ஆண் பெண் பார்க்காது.

இவை எல்லாம் எழுதிய படிவத்தில் என் அக்கா மகள் கையெழுத்துப் போடட்டும். நானும் போடுகிறேன், காத்திருப்பவள் என்ற இடத்தில்.

அன்றைக்கு இதையெல்லாம் அவளிடம் கோவையாகச் சொல்லவில்லை. "இதுல நான் போட மாட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் முகம் சிவந்துவிட்டது. "கொள்கை எல்லாம் உனக்கு ஈஸி சித்தி. நீ போயிட்டு வந்துட்ட. நான் இன்னும் போகல" என்றாள். தோசையைத் தொடாமல் கிளம்பிவிட்டாள். அவள் சொன்னதில் உண்மை இருந்தது. ஒரு கையெழுத்தைப் போட்டால் ஒரு பெண் பாலைவனத்தைப் பார்ப்பாள். போடாவிட்டால் ஒரு கட்டுரை வரும். அந்தக் கணக்கு மூன்று நாள் என்னைத் தூங்கவிடவில்லை. ஆனால் நான் போட்டிருந்தால், அடுத்த வருஷம் இன்னொரு பெண்ணிடமும் அதே கட்டம் நீளும், "போன வருஷம் எல்லோரும் போட்டாங்களே" என்று. அவளுக்குக் கையெழுத்துப் போட ஒரு சித்தி இல்லாமலும் இருக்கலாம்.

நான்காம் நாள் அவளே போன் செய்தாள். அந்தக் கட்டத்தின் குறுக்கே கோடு போட்டு, "எனக்கு 24 வயது, என் சம்மதம் முதல் பக்கத்தில் இருக்கிறது" என்று எழுதி அனுப்பிவிட்டாளாம். குழுவில் இருக்கும் மற்ற இரண்டு பெண்களும் அதையே செய்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், கணவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுத் தந்த தாளையே கிழித்துவிட்டு வேறு தாள் வாங்கினாராம். குழுவிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. மறுத்தால் மூவரும் தனியாகப் போவது என்று பேசி வைத்திருக்கிறார்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இந்திரா நகரில் அவள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் காலி மனையில் பழைய போர்வையை விரித்து, என் வண்டியை அதன்மேல் சாய்த்துப் போடுகிறோம். மூன்று பெண்களும் முறை வைத்துத் தூக்குகிறார்கள். பக்கத்து மாடியிலிருந்து ஒரு பெரியவர் முதல் வாரம் "ஹெல்ப் வேணுமாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இறங்கி வந்தார். வேண்டாம் சார் என்றோம். போன வாரம் அவர் இறங்கி வரவில்லை, மேலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார். என் அக்கா மகள் ஆறு தடவை போட்டு ஆறு தடவை தூக்கினாள்.

கிளம்பும்போது நான் அம்மாவைப் போலவே "பத்திரமாப் போயிட்டு வா" என்றேன். "எப்படின்னு சொல்லு" என்றாள். சக்கரக் காற்றைப் பார்த்தாயா என்று கேட்டேன்.